மிசின் பற்றரியில் ஓடிய உலகக் கிண்ணம்

வரலாற்றை வென்றவர்கள்தான் எழுதுகிறார்கள் என்று படித்த ஆட்கள் சொல்வார்கள். அவர்கள் ஒருநாளும் திருகோணமலைப் பக்கத்துச் சம்பூரில் குந்தியிருந்து கிரிக்கெட் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்து விளையாட்டு வரலாற்றை எழுதியவர், உழவு மிசினும் அதற்குள் உயிரோடு ஒரு பற்றரியும் வைத்திருந்தவர். எந்த ஆட்டத்தைப் பார்ப்பது, எந்த ஓவரில் நிற்பாட்டுவது, யார் வாங்கில் இருப்பது, யார் நிலத்தில் குந்துவது எல்லாம் அவர் தீர்ப்பு. மேன்முறையீடு கிடையாது. சர்வதேச கிரிக்கெட் சபைக்கும் இல்லாத அதிகாரம் அது.

ஆனால் மிசின்காரர் பிறப்பதற்குப் பலநூறு வருடம் முன்பே இந்தக் கரையில் சர்வதேச ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. பள்ளிக்கூடப் புத்தகம் அவற்றை வேறு தலைப்பில் ஒளித்து வைத்திருப்பதால், முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

வெளியூர் அணி வருகிறது

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், பழுது பார்க்க இடம் தேடி எங்கள் கொட்டியாரக் குடாவுக்குள் வந்து ஒதுங்கியது. கப்டன் றொபேர்ட் நொக்ஸ். கூடவே அதே பெயரில் மகனும். வந்தவர்கள் குடாவில் நங்கூரம் போட்டார்கள், கரைக்கு இறங்கினார்கள், மாதக்கணக்கில் இருந்தார்கள். செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்று: கண்டியில் இருந்த இரண்டாம் இராசசிங்கனுக்கு ஒரு கடிதமோ காணிக்கையோ அனுப்பவில்லை.

எங்கள் பக்கத்தில் அயல்வீட்டு முற்றத்தில் கால் வைப்பதென்றாலும் படலையில் நின்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். அரசனின் குடாவுக்குள் வந்து ஆறுதலாகத் தச்சுவேலை பார்த்தால்? 1660இல் அரசனின் ஆட்கள் வந்து, கப்டன், மகன் உட்படப் பதினாறு பேரை அன்பாக அழைத்துப் போனார்கள். அந்த அன்பு நீண்டுவிட்டது. தகப்பன் அடுத்த வருடமே காய்ச்சலில் இறந்துபோனார். மகன் கண்டி இராச்சியத்தில் 19 வருடத்துக்கு மேல் ஆட்டமிழக்காமல் நின்றார். தேநீர் இடைவேளை இல்லை, மழைக்கு நிறுத்தமும் இல்லை. மனுசன் சும்மா இருக்கவில்லை: தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், 1679இல் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு ஓடித் தப்பினார். 1681இல் லண்டனில் இலங்கையைப் பற்றிப் புத்தகமே போட்டுவிட்டார். வெளியூர் அணி இங்கே வந்து அடிபட்டு, திரும்பிப் போய் உள்ளூர் வெயிலையும் சாப்பாட்டையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் வழக்கத்துக்கு அவரே பிள்ளையார் சுழி போட்டவர்.

பிடிபட்ட இடம் என்று மூதூரில் ஒரு மரத்துக்கு 'வெள்ளைக்காரன் மரம்' என்று பெயர் வைத்து, அடியில் கல்லும் நட்டார்கள். பிடித்த ஆட்களுக்குக் கல் இல்லை. ஆட்டநாயகன் விருதை வெளியூர் ஆளுக்கே கொடுப்பது இந்தக் கரையின் பழைய பழக்கம்.

கண்ணகி அணி எதிர் கோவலன் அணி

உள்ளூர் லீக் எப்படியிருந்தது என்று கேட்பீர்கள். கிழக்கில், மட்டக்களப்புப் பக்கம் சிறப்பாக, கொம்புமுறி என்று ஒன்று இருந்தது. மழை பொய்த்து, அம்மை நோய் பரவினால் ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் கோவலன் கட்சி, மறுபக்கம் கண்ணகி கட்சி. வளைந்த கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, வடம் கட்டி, இரு பக்கமும் இழுப்பார்கள். எவர் கொம்பு முறிகிறதோ அவர் தோற்றார். தோற்றவர்கள் வென்றவர்களின் வசைப்பாட்டைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அந்தப் பாட்டுகளில் சிலதை எந்தப் பத்திரிகையும் அச்சிடாது. அவுஸ்திரேலியக்காரர் ஆடுகளத்தில் எதிராளியைத் திட்டுவதைப் புதுக் கலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பாவம்.

யோசித்துப் பாருங்கள். புருசனை அநியாயமாகக் கொன்றதற்குப் பெண்டாட்டி கொண்ட கோபத்தில் மதுரையே எரிந்துபோனது. அந்தக் கோபத்தைத் தணிக்க வைகாசியில் குளிர்த்திச் சடங்கு செய்கிற அதே சனம், அந்தப் புருசனையும் பெண்டாட்டியையும் எடுத்து, அணி பிரித்து, கயிறு கட்டி, ஊரைக் கூட்டிப் போட்டியும் நடத்தியது. சிங்கள ஊர்களிலும் இதே விளையாட்டு, 'அங்கெலிய' என்ற பெயரில்; அங்கே அம்மன் பத்தினி. ஒரே அம்மனுக்காக ஒரே கொம்பை இழுத்த இரண்டு கூட்டமும் பிற்காலத்தில் ஒரே கிரிக்கெட் அணிக்குக் கை தட்டுவதா இல்லையா என்று மண்டையை உடைத்துக்கொண்டதுதான் வேடிக்கை.

ஜப்பான்காரன் கொடுத்த பெட்டி

வானொலிக் காலத்தில் நாங்கள் பணக்காரர். 1925இல் தொடங்கிய கொழும்பு வானொலி, ஆசியாவிலேயே மூத்தவைகளில் ஒன்று. 1950களின் தொடக்கத்தில் இந்தியாவின் அமைச்சர் கேஸ்கர் சினிமாப் பாட்டு கெட்ட பழக்கம் என்று அகில இந்திய வானொலியில் அதை ஒதுக்கியபோது, இலங்கை வானொலி அந்தப் பழக்கத்தை அலையில் ஏற்றி அனுப்பிவைத்தது. பிறகு வந்த கே.எஸ். ராஜாவின் குரலுக்கும் பி.எச். அப்துல் ஹமீதின் குரலுக்கும் தமிழ்நாட்டில் கிறங்கிக் கிடந்தவர்கள் எத்தனை ஆயிரமோ. டோச் பற்றரி இறங்கினால் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டலாம். கருவாட்டுக்குப் பக்கத்தில் பற்றரியும் காய்ந்த முற்றங்கள் அவை.

பிறகு வந்தது ரீவி. 1979 ஏப்ரலில் கொழும்புப் பக்கத்தில் ஐ.ரி.என். தொடங்கியது. 1982 பெப்ரவரி 15இல் ஜப்பானின் உதவியில் ரூபவாஹினி நாடளாவப் பிறந்தது. சரியாக இரண்டு நாள் கழித்து, பெப்ரவரி 17இல், இலங்கை தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை இங்கிலாந்துக்கு எதிராகக் கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் தொடங்கியது. நாட்டின் முதல் டெஸ்ட், ஒரு தமிழரின் பெயர் தாங்கிய மைதானத்தில். இரண்டாவது இன்னிங்ஸில் 3 விக்கெட்டுக்கு 167 என்று ராசா மாதிரி நின்ற அணி, 175க்கு முழுதாகச் சுருண்டது. எட்டு ஓட்டத்துக்கு ஏழு விக்கெட். ரீவி பார்ப்பதற்கு அழுத்தமான நெஞ்சு வேண்டும் என்பதை அன்றே நாடு கற்றுக்கொண்டது.

எங்கள் ஒழுங்கைக்கு அந்தப் பாடம் உடனே வரவில்லை, ஏனென்றால் மின்கம்பி வரவில்லை. குடாவுக்கு அந்தப் பக்கம் பிறிமா மாவாலை இரவிரவாக வெளிச்சம் போட்டு மா அரைக்கும். 80களில் திருகோணமலையில் ஜெர்மன்காரன் டொய்ச்சே வெல்லே வானொலிக்காகக் கோபுரம் கோபுரமாக நட்டு, ஆசியா முழுவதற்கும் செய்தி அனுப்பினான். பேர்லின் நிலவரம் எங்கள் கூரைக்கு மேலால் பறந்து போகும். எங்கள் அன்ரெனாவில் காகம் மட்டும் வந்து குந்தும்.

ரீவியைத் தந்த ஜப்பான்காரன், அதில் பார்த்து அழுவதற்கு 'ஓஷின்' நாடகத்தையும் தந்தான். ஏழைப் பெண்ணொருத்தி சின்ன வயதில் வேலைக்கு அனுப்பப்பட்டு, பட்ட பாடெல்லாம் பட்டு முன்னுக்கு வரும் கதை. ஜப்பான்காரி அழ, சிங்களச் சனலில் அது ஓட, மூதூரில் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணர் ஒருவர் எங்களுக்குத் தமிழில் மொழிபெயர்ப்பார். அவர் சிங்களம் கற்றது சாமான் விலை பேச மட்டும். அதனால் ஓஷினின் துயரமெல்லாம் கடைசியில் கொடுக்கல் வாங்கல் பிரச்சினையாகவே முடிந்தது. "மாமியார் என்ன சொல்லுறா?" என்று கேட்டால், "விலை குறைக்க ஏலாதாம்" என்பார். கேட்டுக்கொண்டு பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். நல்ல கதைக்கு மொழி தடையில்லை என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

விசேட நாட்களில் ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு வரும். வீட்டுக்கு வீடு காசு சேர்த்து, விடிய விடிய மூன்று படம். முதலில் சாமிப் படம், கிழவிகள் நித்திரைக்குப் போவதற்காக. இரண்டாவது சிவாஜி, பெண்கள் அழுவதற்காக. மூன்றாவது எம்.ஜி.ஆர்., அதற்குள் மண்ணெண்ணெய் முடிந்துவிடும். எங்கள் தலைமுறையில் பலர் எம்.ஜி.ஆர். வில்லனை வெல்வதை இன்றுவரை பார்க்கவில்லை. வென்றிருப்பார் என்று நம்பிக்கையில் வாழ்கிறார்கள்.

எதிரணியின் சொந்த மைதானம்

1987 ஜனவரி 25இல் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் 'ராமாயண்' தொடங்கியது. இந்தியாவில் ஞாயிறு காலை தெருவெல்லாம் வெறிச்சோடியதாம், ரீவிக்கு மாலை போட்டுக் கும்பிட்டார்களாம். யாழ்ப்பாணத்தான் பனை உயரத்துக்கு அன்ரெனா நட்டுப் பார்த்தான். எங்களுக்குக் கசற்றில் துண்டு துண்டாக வந்தது.

இந்தியாவுக்கு அது பக்தி. திருகோணமலைக்காரனுக்கு அது எதிரணி எடுத்த படம். இராவணன் வாளால் பிளந்ததாகச் சொல்லும் மலைவெட்டு கோணேசர் கோயிலடியில் இருக்கிறது. தாய்க்குக் கருமம் செய்யக் கிளப்பியதாகச் சொல்லும் ஏழு வெந்நீர்க் கிணறுகள் கன்னியாவில் இருக்கின்றன. சொந்த மைதானத்தில் குந்திக்கொண்டு, வெளியூர் அணி வந்து நம் ஊரைக் கொளுத்துவதைக் கைதட்டிப் பார்த்த ஒரே சனம் நாங்கள்தான். அதிலும் கொளுத்தியவர் சாதாரண ஆளில்லை. அனுமாராக வந்தவர் தாரா சிங், 1968இல் லூ தெஸ்ஸைச் சாய்த்து உலகச் சம்பியன் ஆன மல்யுத்த வீரர். அறுபதை நெருங்கிய வயதிலும் வாலைச் சுழற்றினார். இலங்கை எரிந்ததற்கு இராவணனைக் குறை சொல்லிப் பயனில்லை. எடைப் பிரிவே பிழை.

தொடர் பாதியில் இருக்கும்போதே, 1987 ஜூலை 30இல், இந்திய அமைதிப்படை உண்மையாகவே கடலைத் தாண்டி வந்து இறங்கியது. அதன்பிறகு அந்தக் கதையில் யார் எந்தப் பாத்திரம் என்று ஊரில் ஒருவரும் வாய் திறந்து பேசவில்லை. 1990 மார்ச் 24இல் கடைசிக் கப்பல் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து போனது. தூர்தர்ஷனில் 'மகாபாரத்' முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தது.

அர்ஜுன நடந்தார், நாங்கள் வேர்த்தோம்

இனி 1996. மிசின்காரரின் பொற்காலம்.

அந்த வருடம் ஜனவரி 31இல் கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்து 91 பேர் இறந்தார்கள். அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மாட்டோம் என்றன. வராத அணிகளுக்கு எதிராக இலங்கைக்குப் புள்ளிகள் கிடைத்தன. பந்து போடாமலே வெல்லலாம் என்று தெரிந்ததும் எங்கள் ஊர்ப் பொடியளும் சேனையூர்ப் பொடியள் வராத நாட்களை எண்ணிப் புள்ளி போடத் தொடங்கினார்கள்.

அதற்கு ஒரு மாதம் முந்தி, 1995 டிசம்பர் 26இல், மெல்பேர்னில் நடுவர் டரல் ஹெயர் முத்தையா முரளிதரனின் பந்தை ஏழு தரம் 'நோ போல்' என்றார். கை மடங்கியிருக்கிறதாம். அந்தக் கை எவ்வளவு மடங்குகிறது என்று உலகமே கமெரா வைத்து ஆராய்ந்தது. சோதனைச் சாவடிகளில் கையைத் தூக்கு, நீட்டு, திருப்பு என்று தினமும் பயிற்சி எடுத்த எங்களுக்கு முரளியின் நிலைமையை ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை.

பெரும்போக அறுவடை நேரம் அது. மிசினுக்கு வேலை, பற்றரிக்கும் வேலை. மூதூரில் சார்ஜ் ஏற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்த பற்றரியை, ஒரு கறுப்பு வெள்ளை ரீவியோடு கொளுவி, உலகக் கிண்ணத்தைப் பங்கீடு செய்தார் மிசின்காரர். அவர் சட்டங்கள்: முதல் இன்னிங்ஸ் ரேடியோவில் மட்டும். விளம்பரம் வந்தால் ரீவி நிற்கும். வெளிச்சத்தைக் குறைத்து வைப்பது. சத்தம் தேவையில்லை, சத்தம் போட ஆட்கள் இருக்கிறார்கள்.

மார்ச் 13இல் கல்கத்தாவில் இந்தியாவோடு அரையிறுதி. ஊர் இரண்டாகப் பிரிந்தது, கொம்புமுறிக்குப் பிரிந்த மாதிரியே. பாதிப்பேர் தெண்டுல்கர் கட்சி. மற்றப் பாதி, வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், முரளி கட்சி. வயதான ஒருவர் மட்டும் கணக்குப் போட்டுப் பேசினார்: "இந்தியா வெண்டால் இந்தியாவுக்குச் சந்தோசம். இலங்கை வெண்டால் ஆமிக்குச் சந்தோசம். சந்தோசமான ஆமி ஆளைச் சோதிக்கிற நேரம் குறைவு. நான் இலங்கை." அரசியல் ஆய்வாளர் பலர் புத்தகம் எழுதியும் தொடாத தெளிவு.

ஜயசூரியவும் களுவிதாரணவும் முதல் ஓவரிலேயே போனார்கள். தெண்டுல்கர் கட்சி துள்ளியது. அரவிந்த டி சில்வா வந்து 47 பந்தில் 66 அடித்தார். இலங்கை 251. இந்தியா ஒரு விக்கெட்டுக்கு 98 என்று நிற்கும்போது தெண்டுல்கரைக் களுவிதாரண ஸ்டம்ப் செய்தார். 120க்குள் எட்டு விக்கெட் விழுந்தது. ரசிகர்கள் போத்தல் எறிந்தார்கள், இருக்கைகளுக்குத் தீ வைத்தார்கள். போட்டி மத்தியஸ்தர் கிளைவ் லொயிட் ஆட்டத்தை இலங்கைக்கே கொடுத்தார். வினோத் காம்ப்ளி அழுதுகொண்டு வெளியே போனார். எங்கள் தெண்டுல்கர் கட்சியும் அழுதது. ஆனாலும் ஒரு மைதானத்துக்கு நெருப்பு வைத்தவர்கள் நாங்கள் இல்லை என்பதில் இரு கட்சிக்கும் ஒரு திருப்தி.

மார்ச் 17, ஞாயிறு. லாகூரில் இறுதி. கொழும்புக்கு வரப் பயந்த அதே அவுஸ்திரேலியா. ஒரு விக்கெட்டுக்கு 137 என்று இருந்து, ஐந்துக்கு 170 ஆகி, கடைசியில் 241. அரவிந்த மூன்று விக்கெட். சட்டப்படி இதெல்லாம் ரேடியோவில். பிறகு ரீவி போட்டோம். 23க்கு இரண்டு விக்கெட் போனது. அசங்க குருசிங்க 65 அடித்து நிலைமையைப் பிடித்தார். அவர் போன பிறகு வந்தார் அர்ஜுன ரணதுங்க. ஓட வேண்டிய இடத்தில் நடந்தார், நெல் வித்துக் காசு மடியில் இருக்கிற போடியார் வரம்பில் நடக்கிற மாதிரி. அவர் நடக்க நடக்க எங்கள் பற்றரி இறங்கியது. படம் நான்கு பக்கமும் சுருங்கத் தொடங்கியது. "ஓடடா, பற்றரி முடியுது!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார் மிசின்காரர். நூறு வருடக் கிரிக்கெட்டில் எந்தக் கப்டனுக்கும் இப்படியொரு கோரிக்கை போயிருக்காது.

அரவிந்த சதத்தை நெருங்கும்போது படம் தீப்பெட்டி அளவுக்கு வந்து, ஒரு புள்ளியாகி, அணைந்தது. அன்று அந்த முற்றத்தில் குந்தியிருந்த ஒருவரும் அவரின் நூறாவது ஓட்டத்தைப் பார்க்கவில்லை. 107இல் ஆட்டமிழக்காமல் நின்றதையோ, 46.2 ஓவரில் மூன்று விக்கெட்டுக்கு 245 ஆனதையோ, பெனாசிர் பூட்டோ கிண்ணம் கொடுத்ததையோ பார்க்கவில்லை. குடாவுக்கு அந்தப் பக்கம் வானத்தை நோக்கிச் சடசடவென்று வெடி கேட்டது. பழக்கதோசத்தில் எல்லாரும் நிலத்தில் விழுந்தோம். மண்ணில் முகம் புதைத்தபடிதான் எங்கள் நாடு உலகச் சம்பியன் ஆனது எங்களுக்குத் தெரியவந்தது.

மறுநாள் மிசின் ஸ்ரார்ட் வரவில்லை. தெண்டுல்கர் கட்சி, முரளி கட்சி இரண்டும் சேர்ந்து தள்ளின. நாட்டில் இன ஒற்றுமைக்கு எத்தனையோ திட்டம் போட்டார்கள். இரண்டு கட்சியையும் ஒரே திசையில் தள்ளவைத்தது செத்த பற்றரி ஒன்றுதான்.

கொழும்புக்கும் கறண்ட் போன இரவு

2006 ஏப்ரலில் குண்டு விழுந்து ஊர் எழும்பி ஓடியது. செப்டெம்பர் 4இல் இராணுவம் சம்பூரைப் பிடித்தது. நாங்கள் கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் தகரக் கொட்டிலுக்குள். வாங்கு, ரீவி, மிசின் எல்லாம் ஊரோடு போய்விட்டன.

2007 ஏப்ரல் 28, பார்படோசில் மறுபடியும் இலங்கை எதிர் அவுஸ்திரேலியா இறுதி. அடம் கில்கிறிஸ்ட் கையுறைக்குள் ஸ்குவாஷ் பந்தை வைத்துக்கொண்டு 149 அடித்தார். கை மடங்குவதைக் கமெரா வைத்துப் பிடித்த உலகத்துக்குக் கையுறைக்குள் இருந்த பந்து குற்றமாகப் படவில்லை. நடுச்சாமம் தாண்டி, ஆட்டம் ஓடும்போதே, புலிகளின் விமானம் கொழும்பின் எண்ணெய்க் குதங்களுக்குக் குண்டு போட வந்தது. கொழும்பு முழுவதும் கறண்டை நிறுத்தினார்கள். தலைநகரத்தில் வண்ண ரீவிகள் எல்லாம் ஒரேயடியாக அணைந்தன. அங்கே பார்படோசிலும் பொழுதுபட்டு, நடுவர்கள் சட்டத்தைப் பிழையாக விளங்கி, கடைசி ஓவர்களை இருட்டுக்குள் போடவைத்தார்கள். மைதானமும் இருட்டு, பார்த்தவர்களும் இருட்டு. அந்த ஒரு இரவு மட்டும் முழு நாடும் எங்கள் முறையில் கிரிக்கெட் பார்த்தது.

இதற்கிடையில் மேலிடத்தில் யாரோ யோசித்திருக்கிறார்கள்: பற்றரியில் ரீவி பார்த்த சனத்தின் ஊரில் 500 மெகாவாட் அனல்மின் நிலையம் கட்டலாம் என்று. இந்தியாவோடு ஒப்பந்தம், உயர் பாதுகாப்பு வலயம், கைத்தொழில் வலயம், வேலி. ஊரில் கறண்ட் வேண்டும் என்று கேட்டோம்தான். ஊரையே எடுத்துக் கறண்ட் ஆக்கச் சொல்லவில்லை. 2015இல் அந்த வர்த்தமானி இரத்தானது, சனம் கட்டம் கட்டமாகத் திரும்பியது, 2016இல் நிலக்கரித் திட்டமும் கைவிடப்பட்டது. இப்போது சூரியசக்தி. 2025 ஏப்ரல் 5இல் இந்தியப் பிரதமர் மோடி கொழும்பிலிருந்தபடியே காணொளியில் 120 மெகாவாட் நிலையத்துக்கு அடிக்கல் வைத்தார். வெயிலில் பற்றரி காயவைக்கும் தொழில்நுட்பத்தை எங்கள் முற்றங்கள் எப்போதோ கண்டுபிடித்தவை. காப்புரிமை எடுக்காமல் விட்டது எங்கள் பிழை.

நிரூபணம்

இப்போது கையடக்கத் தொலைபேசியில் 1996 இறுதியாட்டம் யூரியூப்பில் கிடைக்கிறது. பற்றரி இறங்கினால் சார்ஜ் போடலாம், சண்டை பிடிக்க ஒருவரும் இல்லை. போன வருடம் பேரன் ஒருவன் மிசின்காரரையும் பழைய ஆட்களையும் கூட்டிவைத்து அதைப் போட்டுக் காட்டினான். 29 வருடமாக ஒவ்வொரு கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் அவர்கள் பந்துக்குப் பந்து சொன்ன கதை: அரவிந்த சதம் போட்ட அடி, கடைசிப் பந்தில் அர்ஜுன பறக்கவிட்ட சிக்ஸர், ஷேன் வோர்ன் தலையில் கை வைத்தது.

ஒன்றுமே சரிவரவில்லை. கடைசியில் சிக்ஸர் இல்லை, அர்ஜுன மெதுவாகத் தட்டிவிட்டதோடு ஆட்டம் முடிந்தது.

பேரன் நிமிர்ந்து பார்த்தான். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு மிசின்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பு வழங்கினார்: "தம்பி, இது வெட்டின கொப்பி. முழுசாப் பார்த்தது நாங்கள்."

எல்லாரும் தலையாட்டினார்கள்.